போ-சானின் தொடையும் நான் நகர்த்திய நாற்காலியும்

வாயில் புற்றுநோய் வந்து பிழைத்தவர்களின் சங்கம் எங்களுடையது. இந்த ஆண்டு மலருக்கு, நமக்குள் யாராவது ஒருவரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று என்னிடம் வந்தார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒன்பது வயதில் சர்க்கரை ஆலைக்குக் கரும்புக் கட்டு சுமந்தேன். இருபத்திரண்டில் லாரி ஓட்டினேன். நாற்பதில் ஏழு ஜல்லி லாரிகள் என் பெயரில் ஓடின. யாரும் கைகொடுத்துத் தூக்கிவிட்ட ஆள் இல்லை நான். என்னைப் பற்றியே எழுத ஆரம்பித்தால் இந்த மலர் போதாது. அதனால் குவா போ-சானைப் பற்றி எழுதுகிறேன். அவன் கதையில் நான் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது. அதையும் எழுதுவேன். எழுபத்தொரு வயதில் எவனுக்குப் பயப்பட வேண்டும்?

போ-சான் மடைக்காரன். பெய்காங் ஆற்றுக்குத் தெற்கே, பெரிய வாய்க்காலிலிருந்து பிரிகிற பதினான்கு மதகுகளின் சாவிகள் அவன் கழுத்தில் ஒரு கயிற்றில் தொங்கும். இருபத்துநான்கு வயதில் மாட்டிய கயிறு. எந்த வயலுக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் தண்ணீர் என்பது அவன் கையில். அப்படிப்பட்டவனுக்கு ஊர் முழுக்க விரோதி இருக்க வேண்டும். ஒருவன்கூட இல்லை. காரணம், அவன் பேசமாட்டான். இரண்டு பேர் மண்வெட்டியோடு முறைத்துக்கொண்டு நிற்பார்கள். இவன் பைக்கை நிறுத்திவிட்டு, அவர்களைத் தாண்டிப்போய், வயலின் மறுகோடியில் வடிகாலை அடைத்திருக்கும் புல்லைப் பிடுங்கிப் போடுவான். அதற்குப் பிறகுதான் மதகைத் திறப்பான்.

"உள்ள வர்றதுக்கு எல்லாரும் அடிச்சுக்கிறீங்க. வெளிய போறதுக்கு வழி வச்சீங்களா?"

ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று அவன் மனைவி சியு-லியான் சொல்வாள். வரப்பில் எங்கேயோ தண்ணீர் கசிகிறது என்றால், ஒரு மூங்கிலின் நுனியை மண்ணில் ஊன்றி, மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்டே இடத்தைச் சொல்லிவிடுவான். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேள்விப்பட்டதை எழுதுகிறவன் இல்லை நான்.

தண்ணீர் முறை வரும் நாட்களில் கண் அசரக் கூடாது என்று பாக்கு மென்றான். பச்சைப் பாக்கு, சுண்ணாம்பு, இலை. ஒரு நாளைக்கு நாற்பது. அதிலும் அவனை மிஞ்சியவன் நான், அறுபது. எனக்கு இடக் கன்னத்தில் வந்தது, அவனுக்குப் பதினோரு ஆண்டு கழித்து வலக் கன்னத்தில் வந்தது. முதலில் உட்கன்னத்தில் வெள்ளையாய் ஒரு திட்டு. பிறகு மிளகாய் பட்டால் எரிச்சல். பிறகு வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை.

சியு-லியான் வாத்து வளர்ப்பவள். புருஷன் அரிசிக் கொழுக்கட்டையைப் பிய்த்துப் பிய்த்துத் தின்பதை ஒரு மாதம் பார்த்தாள்.

"என் வாத்துகூட உங்களைவிடப் பெரிசா வாயைத் தொறக்குது. வாங்க ஆஸ்பத்திரிக்கு."

"ரெண்டாம் போகத் தண்ணி முடியட்டும்."

மறுநாள் அவன் குளிக்கும்போது சாவிக் கயிற்றை எடுத்துக்கொண்டு மகனுடைய காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். "சாவி வேணும்னா ஆஸ்பத்திரில வந்து வாங்கிக்குங்க." சாவிக்காகத்தான் அவன் வந்தான்.

செவ்வாயும் வெள்ளியும் நான் அந்த வார்டுக்குப் போவேன். புதிதாய் வந்தவர்களிடம் பேசுவது சங்கத்தில் என்னிடம் ஒப்படைத்த வேலை. பேசுவானேன், வாயைத் திறந்து காட்டுவேன். என் இடக் கன்னத்தின் உட்புறம் என் தொடைத் தோல். தொடையில் முடி இருந்ததால் வாயிலும் முடி வளர்கிறது. வாய்க்குள் முடி பிடுங்கிக்கொள்கிற ஆள் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். இதைச் சொன்னால் எப்பேர்ப்பட்டவனும் சிரித்துவிடுவான். போ-சான் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் ஃபான் வந்தார். ஒல்லியான பெண். என் பேத்தி என்று சொல்லலாம், ஆனால் கை வைத்தால் ஒன்பது மணி நேரம் அசையாமல் நிற்கிற பெண். வயதில் மூத்த நோயாளிகளைச் சித்தப்பா, பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"புண்ணை மட்டும் வெட்டிட்டு விட்டுடுங்க" என்றான் போ-சான்.

"வெட்டினா கன்னத்துல ஓட்டை விழும் சித்தப்பா. கஞ்சி குடிச்சா வெளிய ஊத்தும். தொடையிலேர்ந்து ஒரு துண்டு எடுத்து அடைச்சே ஆகணும்."

"தொடைய வெட்டினா வரப்புல எப்படி நடப்பேன்? அது போகட்டும். ஒரு இடத்துல பேத்த புல்லை இன்னொரு இடத்துல வச்சா, தண்ணி இல்லேன்னா மூணே நாள்ல கருகிடும். தொடைத் துண்டு மட்டும் கருகாதா? என் வாய்க்குள்ள அழுகின பண்டத்தை வச்சுக்கிட்டுச் சாகிறதுக்கு இப்படியே போறேன்."

ஃபான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையெழுத்துத் தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் ஒரு காலை வரைந்தார்.

"இடுப்பெலும்போட முனையிலேர்ந்து முழங்கால் சில்லோட வெளி ஓரம் வரைக்கும் ஒரு கோடு. பாதி தூரத்துல, மூணு விரல் அகலத்துக்கு ஒரு வட்டம். பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ளதான் மேல வரும்."

"எது?"

"சின்ன ரத்தக்குழாய். சேமியா தடிமன் இருந்தா அதிகம். கவட்டைலேர்ந்து பெரிய குழாய் இறங்குதில்ல, அதுல ஒரு கிளை வெளிப்பக்கம் திரும்பி, ரெண்டு சதைக்கு நடுவால முழங்காலைப் பார்த்துக் கீழ இறங்கும். அந்தக் கிளையிலேர்ந்து அங்கங்க ஒண்ணு முளைச்சுத் தோலுக்கு வரும்."

"தலைவாய்க்கால். கிளை வாய்க்கால். அப்புறம் வயல் மடை."

"அப்படியே வச்சுக்குங்க. நான் தோலு, அடியில இருக்கிற கொழுப்பு, அதோட மடை, கிளை வாய்க்கால்ல ஒரு அரைச் சாண், இத்தனையும் ஒண்ணா எடுப்பேன். சதை உங்களுக்கே. அந்தக் கிளையோட ஓரத்துலேயே சதையை ஆட்டுற நரம்பு ஒண்ணு ஓடுது. அதை அறுக்காம பிரிச்சு வச்சுட்டா வரப்புல நடக்கலாம்."

"மடை சதை இடுக்குல வருமா, சதையைத் துளைச்சுக்கிட்டு வருமா?"

அந்தக் கேள்விக்கு ஃபான் பேனாவை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "சிலருக்கு இடுக்குல வரும். அன்னைக்கு எனக்கு வேலை சுளுவு. முக்கால்வாசிப் பேருக்குச் சதையைத் துளைச்சுக்கிட்டுத்தான் வரும். நார் நாரா விலக்கி எடுக்கணும். ஒருத்தருக்கு இருக்கிற மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. ஒரே ஆளோட ரெண்டு தொடையே ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. சில தொடையில நல்ல மடையே இருக்காது. அப்போ அடுத்த தொடைக்குப் போவேன்."

"எனக்கு ரெண்டு இருந்துச்சு" என்றேன் நான். "சேமியா இல்ல, மொத்தமான நூடுல்ஸ் மாதிரின்னு அப்போ இருந்த பெரிய டாக்டரே சொன்னார்."

"பெரியப்பாவோட தொடை சாதாரணத் தொடையா? கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்" என்றார் ஃபான். சியு-லியான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போ-சான் எங்கள் சிரிப்பைக் காதில் வாங்கவில்லை. "உள்ள வர்றது சரி. வெளிய எப்படிப் போகும்?"

"ஒவ்வொரு சிவப்புக் குழாய்க்கும் ரெண்டு பக்கமும் ரெண்டு நீலக் குழாய் கூடவே ஓடும். போன ரத்தம் அது வழியாத் திரும்பும்."

"ஒரு மடைக்கு ரெண்டு வடிகால்."

"ஆமா. எல்லாத்தையும் கழுத்துல இருக்கிற குழாயோட கொண்டுபோய்த் தைப்பேன். சிவப்புக் குழாய் துடிக்கும், தன் வழியைத் தானே தள்ளிக்கும். நீலம் மெல்லிசு. துடிப்பு கிடையாது. கொஞ்சம் அழுத்தினாலும் மடங்கினாலும் நின்னுபோகும். கெட்டுப்போற துண்டெல்லாம் பெரும்பாலும் அதனாலதான் கெடுது."

போ-சான் தாளைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டான். டாக்டர் போனபின் என்னிடம் சொன்னான்: "அண்ணே, படிச்சவங்க வாயிலேர்ந்து வடிகாலைப் பத்தி இப்பதான் முதல் தடவையா கேக்குறேன்."

மறுநாள் காலை, தொடையில் களிம்பு தடவி, ரத்த ஓட்டத்தைக் கேட்கிற பேனா மாதிரி ஒரு கருவியை ஃபான் வைத்துப் பார்த்தார். ஷ்ஷுக், ஷ்ஷுக் என்று சத்தம் வந்தது. சத்தம் வந்த இடத்தில் ஊதா மையால் பெருக்கல் குறி. மூன்று குறி போட்டார். போ-சான் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மா, மூணாவது மேல வரல. அடியில ஓடிக்கிட்டே போகுது."

"எப்படிச் சொல்றீங்க?"

"முதல் ரெண்டும் ஒரே இடத்துல நிக்குது. இதைக் கொஞ்சம் கீழ தள்ளிப் பாருங்க, அங்கயும் இதே சத்தம் வரும். வாய்க்கால் மேல மூங்கிலை வச்சா அப்படித்தான் கேக்கும்."

ஃபான் தள்ளிப் பார்த்தார். அதே சத்தம் வந்தது. "இருக்கலாம். இந்தக் கருவி சில சமயம் அப்படி ஏமாத்தும். குறியெல்லாம் சும்மா ஊகம்தான். தொறந்து பார்த்துட்டுத்தான் மத்ததை முடிவு பண்ணுவேன்." ஆனாலும் அந்தக் குறியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தார்.

அறுவை காலை எட்டரைக்கு ஆரம்பித்து மாலை ஆறுக்கு முடிந்தது. முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்த ஃபான் முதலில் சொன்னது, "சித்தப்பா சொன்னது சரி. மூணாவது கிளை வாய்க்காலேதான்." இரண்டு மடை, இரண்டும் சதையைத் துளைத்து வந்தவை. உள்ளங்கை அகலத் துண்டு. குழாய்களை வலப்பக்கக் கழுத்தில் தைத்திருந்தார்கள். சியு-லியான் சாவிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

இனிமேல்தான் என் பகுதி.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்குப் போனேன். போ-சான் தலையணையில் நேராகச் சாய்ந்திருந்தான். தொண்டையில் மூச்சுக்குழாய், மூக்கில் உணவுக்குழாய். பேச முடியாது. குழந்தைகள் எழுதி அழிக்கிற பலகை ஒன்று மடியில். சியு-லியான் கொடுவாய் மீன் சூப்பைக் குழாயில் ஊற்றி முடித்திருந்தாள். உதடு சற்றே விலகிய இடத்தில் துண்டு தெரிந்தது. வெளுப்பும் சிவப்பும் கலந்த நல்ல நிறம்.

விருந்தாளி நாற்காலி கட்டிலின் கால்மாட்டில், நேர் எதிரே கிடந்தது. "இங்க உக்காருங்க அண்ணே" என்றாள் சியு-லியான்.

"அங்க உக்காந்தா அவன் என்னைப் பார்க்கக் கழுத்தை நிமித்தணும். எனக்குத் தெரியாததா? நானே கிடந்த கட்டில்மா இது." நாற்காலியைத் தூக்கி அவனுடைய வலப்பக்கம் போட்டேன். நான் படுத்திருந்தபோது வலப்பக்கம் பார்ப்பதுதான் எனக்குச் சுகம். டாக்டரும் அதைத்தான் சொன்னார். தலைமாட்டில் ஏதோ எழுதி ஒட்டியிருந்தார்கள். படிக்கவில்லை. எனக்கு எதற்கு?

எனக்குத் தைத்தது இடக் கழுத்தில். அவனுக்கு வலக் கழுத்தில். இந்த ஒன்றை நான் நினைக்கவில்லை. ஒருத்தருக்கு இருக்கிற மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது என்று அந்தப் பெண் என் முன்னால்தான் சொன்னார். என் நூடுல்ஸ் பெருமையில் அது காதில் ஏறவில்லை.

சியு-லியான் பாத்திரம் கழுவப் போனாள். சூறாவளி வெள்ளத்தில் என் முதல் லாரியை சோஷுய் ஆற்றுக்குக் குறுக்கே ஓட்டிவந்த கதையை அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். நல்ல கதை. நடந்ததும் கூட. தண்ணீர் கதவின் பாதிவரை ஏறிய இடத்தில் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய், கையை ஆட்டி, ஆறு எங்கே, கரை எங்கே என்று காட்டினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். போ-சான் முழுமுகத்தையும் என் பக்கம் திருப்பி, கன்னம் தலையணையில் அழுந்தக் கேட்டுக்கொண்டிருந்தான். எங்கள் ஊர்ப்பக்கத்தில் பெரியவர் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. நடுவில் கையைத் தூக்கவும் கூடாது. அப்படி வளர்ந்தவன்.

லாரி கரையேறிய பிறகுதான் பலகையைப் பார்த்தேன். அவன் அதை என் முகத்துக்கு நேரே நீட்டவில்லை. மடியிலேயே, எழுத்து என் பக்கம் தெரியும்படி வைத்திருந்தான்.

'வாய்க்குள்ள இறுகுது. வடிகால் அடைச்ச மாதிரி. நர்ஸ்.'

அதை எப்போது எழுதினான் என்று எனக்குத் தெரியாது. கதை நாற்பது நிமிஷம்.

உதட்டைப் பார்த்தேன். துண்டு உப்பியிருந்தது. நிறம் கத்தரிக்காய்த் தோலைப் போல இருந்தது. மணியை அழுத்தினேன், ஆள் வரும்வரை விடவில்லை.

நர்ஸ் யீ-ஜுன் வந்து முதலில் அவன் தலையை நேராக்கினாள். ஊசியால் துண்டில் ஒரு குத்து. உடனே கருஞ்சிவப்பாய் ரத்தம் கொட்டியது.

"வருது, ஆனா திரும்பிப் போகல" என்றவள் என்னைப் பார்த்தாள். "பெரியப்பா, இவ்ளோ பெரிசா எழுதி ஒட்டியிருக்கே! வலப்பக்கம் திருப்பாதேன்னு. நாற்காலியை யாரு இங்க கொண்டாந்தது?"

"நான்தான்."

"எட்டு மணிக்கு நான் பார்த்தப்ப ரோஜாப் பூ மாதிரி இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பத்து நிமிஷத்தில் ஃபான் வந்தார், அரை மணியில் அவனை மறுபடி அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது போ-சான் என்னைப் பார்த்துக் கையை மட்டும் லேசாய் ஆட்டினான். பரவாயில்லை என்கிற மாதிரி.

வெளியே பெஞ்சில் நானும் சியு-லியானும். நான் யாரிடமும் தலைகுனிந்தது கிடையாது. லாரிக்குத் தவணை கட்ட முடியாத காலத்தில்கூட நிமிர்ந்துதான் நின்றேன். அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, ஜன்னல், லாரி, பலகை.

அவள் கேட்டாள்: "லாரி கரையேறிச்சா?"

"ஏறிச்சு."

"அப்போ இதுவும் ஏறட்டும்." பிறகு, "அண்ணே, எங்க வாத்துப் பட்டியில மொத்தம் நானூறு இருக்கு. நானூறும் சேர்ந்து கத்தினாலும் உங்க சத்தம் வராது" என்றாள். கோபத்தில் சொன்னாளா, என்னைத் தேற்றச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மூன்றரை மணி நேரம். இரண்டு நீலக் குழாயில் ஒன்று மடங்கி, அதில் ரத்தக் கட்டி அடைத்திருந்தது. கட்டியை எடுத்து, கெட்ட பகுதியை வெட்டி, மறுபடி தைத்தார்கள். இன்னொன்று பிழைத்திருந்ததால்தான் துண்டு அதுவரை தாங்கியது. ஒரு மடைக்கு இரண்டு வடிகால்.

"தலை திரும்பினதாலயும் இருக்கலாம், கட்டி முன்னாடியே ஆரம்பிச்சும் இருக்கலாம். எதுன்னு சொல்ல முடியாது பெரியப்பா" என்றார் ஃபான்.

எனக்குத் தப்பித்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்துவிட்டார். நான் அதில் நுழையவில்லை. எனக்குச் சேரவேண்டியதை நான் எப்போதும் இன்னொருவன் தலையில் வைத்ததில்லை.

இரண்டு நாள் துண்டு ஊதாவுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஊசலாடியது. நான் தினமும் போனேன், உள்ளே போகவில்லை. கதவுக் கண்ணாடி வழியாக யீ-ஜுனின் முகத்தைப் பார்ப்பேன், அவள் இன்னும் இல்லை என்று தலையை ஆட்டுவாள், திரும்பிவிடுவேன். மூன்றாம் நாள் அவள் வெளியே வந்து என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ரோஜாப் பூ வந்தாச்சு. உள்ள வாங்க. அவர் கூப்பிடுறார்."

நாற்காலி கால்மாட்டில் நேர் எதிரே இருந்தது. அதன் நான்கு காலையும் சுற்றித் தரையில் வெள்ளை நாடா ஒட்டியிருந்தார்கள். போ-சான் பலகையில் ஏற்கெனவே எழுதிவைத்து, இந்தத் தடவை இரண்டு கையாலும் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

'லாரி கரையேறினப்புறம் என்னாச்சு? உக்காந்து சொல்லுங்க.'

சொன்னேன். பத்து நிமிஷத்தில் முடித்தேன்.

இது நடந்து நான்கு ஆண்டு ஆகிறது. மூன்றாம் மாதமே அவன் வரப்பில் நடந்தான். வலக் கன்னத்தில் உணர்ச்சி கிடையாது, சூப் குடித்தால் ஓரமாய் ஒழுகும். ஒரு கைக்குட்டை வைத்திருக்கிறான். பாக்கு இல்லை, வெறும் இலையைக்கூடத் தொடுவதில்லை. பேச்சு கொஞ்சம் குழறும், அவன் பேசுகிற அளவுக்கு அது ஒரு குறையே இல்லை. சாவிக் கயிறு மறுபடி அவனிடம். தைத்த பக்கம் உரசக் கூடாது என்று கயிற்றை இடது தோளில் மாட்டிக்கொள்கிறான். வாய்க்குள் முடி வளர ஆரம்பித்ததும் என்னிடம்தான் வந்தான். நல்ல எஃகு இடுக்கி ஒன்று வாங்கிக்கொடுத்து, கண்ணாடியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன். அதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் இன்னும் வார்டுக்குப் போகிறேன். வாயைத் திறந்து காட்டுகிறேன், லாரிக் கதையும் சொல்கிறேன். ஆனால் முதலில் தலைமாட்டில் ஒட்டியிருப்பதைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு முழுவதும் படிக்கிறேன். ஒரு எழுத்து புரியாவிட்டாலும் நர்ஸைக் கேட்கிறேன். பிறகு, "எந்தப் பக்கம் தைச்சிருக்கு?" என்று படுத்திருப்பவரிடமே கேட்டுவிட்டு, உட்காருகிறேன்.